போப்பையரும் வாக்கிய அமைதியும்

புதியதொரு மொழியைக் கற்கப் புகுவார்க்குச் சொற்களால் விளையும் துன்பம் சிறிது. வாக்கியத்தால் விளையும் துன்பம் பெரிது. சொல்லுக்குப் பொருள் தெரியாவிடின் அகராதி துணை நிற்கும். சொற்கள் அனைத்திற்கும் பொருள் தெரிந்த பின்னரும் வாக்கியம் யாது கூறுகின்றதென்று விளங்காது மயங்கி நிற்பார்க்கு எந்த அகராதியும் துணையாவதில்லை. ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவர் யாவரும் இம்மயக்கத்தை அறிவர். எழுவாய் ஒரு கோடியிலும் அதன் பயனிலை வெகு தொலைவிலுமாக, இடையே ஒன்றினுள் ஒன்றாகப் பல சிறு வாக்கியங்கள் செறிந்து கிடக்கும் நெடிய ஆங்கில வாக்கியத்தைக் கண்டு அஞ்சுதலில், கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் பயிலும் சிறுவனுக்கும் சென்னையில் பயிலும் சிறுவனுக்கும் வேற்றுமை இல்லை. இவ்விடர்ப்பாட்டை எதிர்க்கரையில் நின்று அனுபவித்தவர் ஒருவர் உளர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பெற்று, தமிழ் வாக்கியத்தின் வாயிலில் மாணவராய் நின்று, அதனுள் நுழைந்து, பின்பு தம்மினத்தார்க்கு அவ்வாயிலைத் திறந்து காட்டியவர் அவர். ஜி. யு. போப் என்னும் போப்பையரே அப்பெரியார். அவர்தம் வாழ்க்கையை வாக்கிய அமைதி என்னும் இவ்வொரு நோக்கினின்று சுருங்கக் கூறுதலே எம் கருத்து.

ஜியார்ஜ் அக்ளோ போப் 1820ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், இன்று கனடா நாட்டைச் சார்ந்த பிரின்ஸ் எட்வர்டு தீவிற் பிறந்தார். அவர் தந்தையார் ஜான் போப், இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வால் பகுதியினின்று அங்குக் குடியேறியவர். ஆயினும் மைந்தர் சிறு பிள்ளையாய் இருக்கும்போதே, 1826இல், அக்குடும்பம் இங்கிலாந்துக்கு மீண்டது. வெஸ்லியன் திருச்சபையாரின் பள்ளிகளிற் பயின்ற போப், அச்சபையின் சார்பிலேயே ஊழியம் செய்யும் விருப்பினராய் 1839இல் தென்னிந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. நம் கலாசாலையின் ஆனர்ஸ் வகுப்பில் அமர்ந்திருப்போர் வயதும் அதுவே என்பதை எண்ணுங்கால், அவர் மேற்கொண்ட செயலின் அருமை நமக்கு ஒருவாறு புலனாகும்.

சென்னையில் அவருக்குத் தமிழ் உணர்த்திய ஆசிரியருள் இராமாநுச கவிராயர் ஒருவர். அக்காலத்தில் தமிழ் கற்க வந்த மேனாட்டார்க்கு இலக்கண நூல்கள் சில இல்லாமலில்லை. சீகன்பால்கு ஐயர் இலத்தீன் மொழியில் இயற்றிய தமிழிலக்கணம் 1716இல் ஹாலே நகரில் அச்சேறியிருந்தது. வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு இயற்றிய இலத்தீன் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சிடப்பெற்றது. இரேனியுஸ் ஐயரின் ஆங்கிலவழித் தமிழிலக்கணமும் வெளிவந்திருந்தது. எனினும் நூல் கையிலிருத்தல் வேறு. நாவில் வாக்கியம் அமைதல் வேறு. வேற்றுமை உருபுகளையும் வினைத் திரிபுகளையும் மனனம் செய்துவிட்ட மேனாட்டார் பலர், தமிழர் முன்னிலையில் வாய்திறந்தபோது, தமிழ்ச் சொற்களை ஆங்கில வாக்கியத்தின் வரிசையிலே அடுக்கிப் பேசினர். சொல் தமிழாயும் நடை அயலாயும் நின்ற அப்பேச்சு கேட்டார்க்கு வியப்பளித்ததன்றி விளக்கம் அளிக்கவில்லை.

இவ்விடர் எவ்வாறு நேர்ந்ததென்பதை உணர, ஆங்கில வாக்கிய வகைகளை ஈண்டுச் சிறிது நோக்குதல் வேண்டும். ஆங்கில இலக்கணிகள் வாக்கியத்தை இருவழியாகப் பகுப்பர். கருத்துப்பற்றிப் பகுப்பின் செய்தி, வினா, ஏவல், உணர்ச்சி என நான்காம். அமைப்புப்பற்றிப் பகுப்பின் தனிவாக்கியம், கூட்டுவாக்கியம், கலப்புவாக்கியம் என மூன்றாம். கூட்டும் கலப்பும் ஒருங்கே அமைந்ததை நான்காவதாகக் கூறுவாரும் உளர். எழுவாயும் முற்றுவினையும் கொண்டு தன்னளவில் ஒரு வாக்கியம் போல் அமைந்து, பெரியதொரு வாக்கியத்தில் உறுப்பாய் நிற்பதை ஆங்கிலேயர் கிளாஸ் என்பர். அதனை உள்வாக்கியம் என்று வழங்குவோம். தனித்து நிற்க வல்லது முதல் உள்வாக்கியம். மற்றொன்றைச் சார்ந்தே நிற்பது சார்பு உள்வாக்கியம். முதல் உள்வாக்கியம் ஒன்றே வரின் தனிவாக்கியம். இரண்டு முதலியன சமநிலையில் இணைந்து வரின் கூட்டுவாக்கியம். ஒரு முதலைப் பற்றிச் சார்பு வரின் கலப்புவாக்கியம். இவ்வளவே அவ்விலக்கணத்தின் அடிப்படை.

எடுத்துக்காட்டினை எம் ஊராகிய வெள்ளிமலையினின்றே தருவோம். வெள்ளிமலையிலிருந்து வந்த சிறுவன் தன் தந்தை எடுத்த தேனை விற்றான் என்பது தமிழ். இதனை ஆங்கிலேயர் உரைப்பின், தி பாய் ஹூ கேம் ஃப்ரம் வெள்ளிமலை சோல்ட் தி ஹனி விச் ஹிஸ் ஃபாதர் ஹேட் கேதர்ட் என்றாகும். ஆங்கிலத்தில் முற்றுவினைகள் எத்தனை என்று எண்ணுக. வந்தான் என்பதற்கு ஒன்று, விற்றான் என்பதற்கு ஒன்று, எடுத்திருந்தார் என்பதற்கு ஒன்று என மூன்று உள. அவற்றுள் விற்றான் என்பது முதல் உள்வாக்கியத்துக்குரியது. ஏனைய இரண்டும் ஹூ, விச் என்னும் சொற்களைத் தலையாகக் கொண்ட சார்பு உள்வாக்கியங்களுக்குரியன. இனித் தமிழை நோக்குக. விற்றான் என்னும் முற்று ஒன்றே உளது. வந்த, எடுத்த என்பன பெயரெச்சங்களாய் அடங்கி நின்று, சிறுவன், தேன் என்னும் பெயர்களைத் தழுவின. ஆங்கிலத்தில் பெயர் முன்னே நிற்க அதன் விளக்கம் பின்னே தொடர்கின்றது. தமிழிலோ விளக்கம் முன்னே நடக்கப் பெயர் பின்னே வருகின்றது. ஆங்கிலத்துச் சார்பு உள்வாக்கியம் பலவற்றின் பணியைத் தமிழில் எச்சமே ஆற்றுகின்றது. எச்சங்களையும் முற்றுப்பெறாத உள்வாக்கியங்களென்றே இக்கால மொழியியலார் கொள்வர்.

பெயரைச் சாராத சார்புகளும் இவ்வாறே அமையும். மழை நின்றபின் கோமுகி யாற்றைக் கடந்தோம் என்பதில், ஆஃப்டர் என்னும் ஆங்கில இணைப்புச் சொல்லின் பணியைப் பின் என்பது செய்தது. மழை வருமென்று பெரியவர் உரைத்தார் என்பதில், தட் என்னும் சொல்லின் பணியை என்று என்பது செய்தது. ஆங்கிலத்தில் இணைப்புச் சொல் தன் உள்வாக்கியத்துக்கு முன்னே வாயில்காவலன்போல் நிற்கும். தமிழிலோ அது பின்னே நின்று கதவடைக்கும். ஆகவே ஆங்கில வாக்கியத்தைத் தமிழாக்குவோர் கடைசியினின்று தொடங்கி முன்னோக்கி வருதல் வேண்டும். தமிழை ஆங்கிலமாக்குவோரும் அவ்வாறே திரும்பி நடத்தல் வேண்டும். இவ்வுண்மையை அறியாதார், எவன் வெள்ளிமலையிலிருந்து வந்தானோ அவன் எனத் தொடங்கித் தமிழை வளைப்பர். ஏனென்றால் என்னும் சொல்லால் காரணத்தைப் பின்னே தொங்கவிடும் நடையும், ஆங்கிலம் முதலிய மொழிகளின் வாக்கிய வரிசையைக் காக்க முயன்ற மொழிபெயர்ப்புகளாற் பெருகியதே. ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்நடை செவிக்குப் பழகிப்போயிற்று. அது நம் இல்லங்களிற் பேசும் தமிழின் இயற்கை வரிசையன்று என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மீண்டும் போப்பையர் வரலாற்றுக்கு வருவோம். அவர் இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த நற்செய்திக் கழகத்தாருடன் சேர்ந்து, 1842 முதல் திருநெல்வேலிச் சீமையிலுள்ள சாயர்புரத்தில் ஊழியம் புரிந்தார். 1843இல் உதவிக்குருவாகவும் 1845இல் குருவாகவும் அபிஷேகம் பெற்றார். அவர் முதல் மனைவியார் அவ்வாண்டு 1845இலேயே தூத்துக்குடியில் மரித்தார். அத்துயரினூடும் அவர் பள்ளிப் பணியைக் கைவிடவில்லை. சாயர்புரத்தில் அவர் வளர்த்த செமினரியில் கிராமத்துப் பிள்ளைகள் ஆங்கிலமும் பிற மேனாட்டுக் கலைகளும் பயின்றனர். அங்குத்தான் அவர் இருமொழியின் இடையே நின்று கற்பிக்கும் கலையைக் கைவரப்பெற்றார் என்று யாம் கருதுகின்றோம். காலையில் தாம் தமிழ் மாணவராயும் பகலில் தமிழ்ப் பிள்ளைகட்கு ஆசிரியராயும் வாழ்ந்த ஒருவர், தம் மாணாக்கர் ஆங்கில வாக்கியத்தில் இடறும் இடங்களும், தாம் தமிழ் வாக்கியத்தில் இடறும் இடங்களும் ஒன்றே என்பதை உணராதிருத்தல் அரிது. அவ்வூரில் 1962இல் தோன்றிய கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

1849இல் இங்கிலாந்து சென்று 1851இல் மீண்ட அவர், தஞ்சையில் அமர்ந்தார். தஞ்சை வாழ்வே அவர் இலக்கணப் பணிக்கு நிலைக்களமாயிற்று. 1855இல் அவருடைய தமிழ்க் கைந்நூல் வெளிவந்தது. உலகவழக்குத் தமிழை ஆங்கிலவழியே கற்பிக்கும் அந்நூல், அவர் வாழ்நாளிற் பல பதிப்புகளைக் கண்டது. அதன் போக்கு நம் கருத்தைக் கவர்வது. இலக்கண விதிகளை முதலில் முழுதும் அடுக்கி, வாக்கியங்களை இறுதிக்கு ஒதுக்கும் முறையை அவர் மேற்கொண்டிலர். பாடந்தோறும் சில விதிகள், அவ்விதி அமைந்த சிறு வாக்கியங்கள், மொழிபெயர்த்தற்குரிய பயிற்சிகள் எனப் படிப்படியே நடத்திச் சென்றார். ஆங்கிலத்தில் ஹூ, விச் என்பன வரும் இடங்களில் தமிழ் பெயரெச்சத்தைக் கொள்ளும் என்பதையும், பிறர் கூற்றை என்று என்பது முடித்து நிற்கும் என்பதையும், செய்து என்னும் எச்சம் வினைகளைச் சங்கிலிபோற் கோக்கும் என்பதையும் ஆங்கிலேய மாணாக்கர் கையாண்டு பழகுமாறு செய்தார். தம் மொழியின் உள்வாக்கியம் எதுவென்று தெரிந்தவரே தமிழின் எச்சத்தைத் தெளிவாரென்பது அந்நூலைப் பயில்வார்க்கு விளங்கும்.

தமிழ்ப் பிள்ளைகட்கென்றும் அவர் இலக்கணம் இயற்றினார். இளஞ்சிறார்க்கு வினாவிடை வடிவில் ஒன்று, அவரினும் மூத்தார்க்கு ஒன்று, நன்னூல் முதலிய பழைய நூல்களை நோக்கிச் செல்வார்க்கு விரிவானதொன்று என அவை படிமுறையில் அமைந்தன. வினாவிடை முறை திருச்சபைக்கு ஞானோபதேசப் பாடத்தால் நன்கு பழகியது. அதனையே அவர் இலக்கணத்துக்குப் பயன்படுத்தினார். கால்டுவெல் ஐயர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டு மொழிக்குடும்பத்தின் வரலாற்றை ஆராய்ந்த அதே காலத்தில், போப்பையர் வகுப்பறையில் ஒரு வாக்கியத்தை எவ்வாறு அமைப்பதென்னும் சிறு செயலில் ஈடுபட்டிருந்தார். இருவர் பணியும் வேண்டுவனவே. ஆயினும் மாணவர் என்னும் முறையில் போப்பையருக்கே நாம் மிகுதியும் கடப்பாடுடையோம்.

பெரியாரைப் புகழ்வார் அவர் குறைகளை மறைத்தல் முறையன்று. போப்பையர் கண்டிப்புக்குப் பெயர்பெற்றவர். பிரம்பின்மேல் அவர் கொண்ட நம்பிக்கை, அக்கால ஆசிரியர் பலருடைய நம்பிக்கையே எனினும், இன்று நம்மால் ஏற்கத் தக்கதன்று. தஞ்சையில் லுத்தரன் சபையாருடன் அவருக்குக் கடும் பிணக்கு விளைந்தது. அதுபற்றி 1853இல் அவர் அச்சிட்ட மடலும் உண்டு. ஒரே ஆண்டவரைத் தொழும் இரு சபையார் இவ்வாறு பூசலிட்டது வருந்தத்தக்கது. பின்னர் அவர் உதகமண்டலத்திற் பள்ளி நிறுவி 1870 வரையில் நடத்தினார். அதன்பின் பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளிக்குத் தலைமை பூண்டார். நெடுங்காலம் அவர் ஆங்கிலேயச் சிறுவர்க்கே ஆசிரியராயிருந்தார். அக்காலத்தும் தமிழை விட்டாரில்லை; பழைய நூல்களைப் பயில்வதும் குறிப்பெழுதுவதும் தொடர்ந்தன. பிறர் பிழையை அவர் பொறுப்பதரிது. தாம் கற்பதிலும் அவ்வாறே தம்மைத் தாம் நெருக்கிக்கொண்டார்.

நாற்பதாண்டுகளுக்கு மேற்பட்ட இந்திய வாழ்வை முடித்து 1880களின் தொடக்கத்தில் அவர் இங்கிலாந்து திரும்பினார். ஓய்வு கொள்ளும் வயதில் அவர்தம் பெரும்பணி தொடங்கிற்று. 1884இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் ஆசிரியரானார். 1888 முதல் பேலியல் கல்லூரியின் குருவாகவும் விளங்கினார். 1886இல் திருக்குறளையும் 1893இல் நாலடியாரையும் ஆங்கிலமாக்கி வெளியிட்டார். திருவாசகத்தை மொழிபெயர்க்கும் எண்ணத்தைப் பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட் பெருமகனாரிடம் உரைத்தபோது, அத்துணைப் பெரிய பணியை முடிக்கும்வரை தாம் உயிரோடிருப்பது அரிதென்று போப்பையர் தயங்கினார். பெரிய பணியொன்றைக் கையிற்கொண்டிருத்தலே நெடிது வாழும் வழியென்றும், அதை முடிக்குந்தனையும் அவர் வாழ்வாரென்றும் ஜோவெட் ஊக்கமளித்தார். ஜோவெட் 1893இல் மறைந்தார். போப்பையரோ 1900ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், தம் எண்பதாம் பிறந்தநாளில், திருவாசக மொழிபெயர்ப்பின் முன்னுரையில் தேதியிட்டார்.

இம்மொழிபெயர்ப்புகளை வாக்கிய நோக்கிற் காண்பார்க்கு அவர் பட்ட பாடு தெரியும். குறள் ஏழு சீர்களால் ஆயது. அவ்வேழினுள் பெயரெச்சம், வினையெச்சம், தொகைநிலைத் தொடர் எனப் பலவும் மடங்கிக் கிடக்கும். ஒரு தொகையை விரித்தால் ஆங்கிலத்தில் ஓர் உள்வாக்கியம் வேண்டும். ஓர் எச்சத்தை விரித்தால் மற்றொன்று வேண்டும். எச்சத்துக்கு எழுவாய் வெளிப்பட வேண்டுவதில்லை. ஆங்கில உள்வாக்கியத்துக்கோ எழுவாய் கூறியே ஆதல் வேண்டும். ஆகவே மூலத்தில் கூறப்படாத வினைமுதல் யாரென்று மொழிபெயர்ப்பாளர் தேர்ந்து துணிதல் வேண்டும். அவர் எதுகைபோல ஈற்றோசை ஒத்த ஆங்கில ஈரடிகளில் அமைக்கவும் முயன்றமையால், சில இடங்களில் வாக்கியம் முறுக்குண்டு, படிப்பார்க்கு விளக்கமின்றி நிற்கின்றது. இதனைக் குறையென்று கூறுவார் கூற்றை யாம் மறுக்கவில்லை. ஆயினும் அம்முறுக்கே இருமொழி வாக்கியங்களும் எத்துணை வேறுபட்டனவென்பதற்குச் சான்றாகின்றது.

1906இல் இராயல் ஏசியாடிக் சங்கத்தார் அவருக்குப் பொற்பதக்கம் அளித்துச் சிறப்பித்தனர். 1908ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள், எண்பத்தேழாம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். தம் கல்லறையின்மேல் தம்மைத் தமிழ் மாணவரென்று பொறிக்குமாறு அவர் வேண்டினாரென்றும் அவ்வாறே பொறிக்கப்பட்டதென்றும் பல மேடைகளிற் கேட்கின்றோம். ஆக்ஸ்போர்டில் செபல்கர் கல்லறைத் தோட்டத்திலுள்ள அவர் கல்லில் அத்தொடர் இல்லை. அவர் தென்னிந்தியாவைச் சார்ந்தவரென்றும், தமிழ் தெலுங்கு ஆசிரியரென்றும், பேலியல் குருவென்றும், அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பரும் அன்பினால் அக்கல்லை நாட்டினரென்றும் கூறும் ஆங்கிலத் தொடர்களே அதில் உள. பொய்யான சிறப்பு அவருக்கு வேண்டுவதன்று. கடல்கடந்த நாட்டில் தமிழர் தம் செலவிற் பங்கேற்று எழுப்பிய கல்லே போதிய சிறப்பாகும். 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவர் சிலையும் நிறுவப்பெற்றது.

இவ்வாழ்க்கையினின்று மாணவராகிய நாம் கொள்ளத்தக்கது யாது? எம் ஊர் நிலையையே எண்ணிக் கூறுகின்றோம். 2019இல் தோன்றிய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலைமேல் உள்ளது வெள்ளிமலை. சாமையும் மரவள்ளியும் பயிரிடும் மலையாளி மக்களின் பிள்ளைகள் அங்குள்ள பள்ளிகளில் ஆங்கிலம் பயில்கின்றனர். அவர் எழுதும் வாக்கியங்களில் மூன்று பிழைகள் அடிக்கடி வருதலை யாம் கண்டுள்ளோம். முதலாவது, எழுவாயை விட்டுவிடுதல். வந்தேன் என்பதன் விகுதியிலேயே நான் என்பது அடங்கியிருத்தலால் தமிழில் அது குறையன்று; ஆங்கில வினையில் அவ்விகுதி இன்மையால் எழுவாய் இன்றியமையாதது. இரண்டாவது, இஸ் என்னும் வினையை விட்டுவிடுதல். இவர் எம் ஆசிரியர் என்பது தமிழிற் பெயர்ப்பயனிலை கொண்ட நிறைவாக்கியம். ஆங்கிலத்திலோ முற்றுவினை இன்றி வாக்கியம் இல்லை. மூன்றாவது, சார்பு உள்வாக்கியத்தை மட்டும் எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுதல். இம்மூன்றும் அறியாமையால் விளைந்தனவல்ல. தமிழ் வாக்கியத்தை நன்கு அறிந்திருத்தலால் விளைந்தன. ஆசிரியர் அதனை எடுத்துக்காட்டின் பிள்ளை நாணமின்றித் திருந்தும்; பிழையென்று சிவப்பு மையால் அடித்துவிடின், தனக்கு ஆங்கிலம் வாராதென்று நம்பி, பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு அகலும். இது நேர்வதை நாம் அறிவோம்.

தமிழிலக்கணம் ஆங்கிலத்துக்கு எத்துணை உதவுமென்பதற்கு ஒன்று கூறி அமைவோம். செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடிதல் வேண்டுமென்பது தொல்காப்பியரும் நன்னூலாரும் வகுத்த விதி. மலையில் நடந்து மழை வந்தது என்று எவரும் கூறார். நடந்தவர் வேறு, வந்தது வேறு. மலையில் நடக்கையில் மழை வந்தது என்றே கூறுவர். ஆங்கிலத்தில் வாக்கிங் என்பது போன்ற எச்சத்தால் வாக்கியத்தைத் தொடங்கினால் அதன் வினைமுதலே முதல் உள்வாக்கியத்துக்கும் எழுவாயாதல் வேண்டுமென்று ஆங்கில இலக்கணிகள் வற்புறுத்துவதும் இதுவே. நம் வகுப்பிற் பலர் இவ்வாங்கில விதியைப் புதியதென்று மனனம் செய்கின்றனர். தமிழ் வகுப்பிற் பயின்ற விதி மணியடித்தவுடன் ஆங்கில வகுப்பில் உதவுமென்று அவர்க்கு எவரும் கூறவில்லை. மழை பெய்து குளம் நிறைந்தது போன்ற வழக்குகளைப் புறனடையாகக் கொண்ட தமிழிலக்கணம் விதியோடு விலக்கும் காட்டி நிற்பது, இன்னும் நுணுகி ஆராயத் தக்கது.

போப்பையர் தம் மொழியின் வாக்கியத்தை நன்குணர்ந்து, அதனைக் கைவிளக்காகக் கொண்டு தமிழினுள் நுழைந்தார். தம் மொழியின் வரிசையே உலகின் வரிசையென்று அவர் நின்றிருப்பாராயின், கடைசியில் வரும் முற்றுவினைக்காகக் காத்திருக்கும் பொறுமை அவருக்கு வாய்த்திராது. பிறர் வாக்கியம் முடியுமளவும் கேட்டிருத்தல் இலக்கணம் கற்பார்க்கு மட்டுமன்றி, அயலாரை நேசிக்கக் கட்டளை பெற்ற நமக்கும் உரிய ஒழுக்கமாம். அவர் நடந்த பாதை எதிர்த்திசையில் நமக்கும் திறந்தே உளது. எச்சமும் முற்றும் அறிந்த தமிழ் மாணவர் எவரும் ஆங்கிலத்தின் உள்வாக்கியங்களைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. தமிழ் ஆனர்ஸ் பயிலும் நாம், விடுமுறை நாட்களில் நம் ஊர்ப் பிள்ளைகட்கு இவ்வொப்புமையை எடுத்துரைப்போமாயின், அதுவே அப்பெரியார்க்கு நாம் செலுத்தத்தக்க நன்றியாகும். அதற்கு வேண்டிய அறிவையும் பொறுமையையும் ஆண்டவர் நமக்கு அருள்வாராக.